ஒரு மின்கலம் போதுமா?

குவீன்ஸ்டவுன் வட்டாரத்தின் ஸ்டர்லிங் சாலையில் மூன்று புளோக்குகள் உள்ளன. அவற்றின் எண்கள் 45, 48, 49. பார்ப்பதற்கு எளிமையாகத் தோன்றும் அந்தக் கட்டடங்களுக்கு ஒரு சிறப்பு உண்டு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960ஆம் ஆண்டில் கட்டிமுடித்த முதல் அடுக்குமாடிகள் அவை.

காலம் செல்லச் செல்ல எந்தக் கட்டடமும் பழையதாகும். வெளிச்சுவரில் விரிசல் விடலாம். சிமெண்டுப் பூச்சு பெயர்ந்து கீழே விழலாம். நடைபாதையில் செல்பவர்மீது சிறு துண்டு விழுந்தாலும் அது உயிருக்கே ஆபத்தாக முடியும். அதனால் சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டு முதல் ஒரு விதி நடப்பில் உள்ளது. கட்டி 20 ஆண்டுகளைக் கடந்த, 13 மீட்டருக்கும் மேல் உயரமான கட்டடங்களின் வெளிச்சுவர்களை ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பதே அந்த விதி.

முன்பெல்லாம் இத்தகைய சோதனைக்கு ஊழியர்கள் கயிற்றிலோ தொங்குமேடையிலோ இறங்கிச் செல்ல வேண்டியிருந்தது. இப்போது அந்த வேலையின் பெரும்பகுதியை ஆளில்லா வானூர்தி செய்கிறது. அது சுவரை ஒட்டிப் பறந்து படம் எடுக்கிறது. பொறியாளர் அந்தப் படங்களைக் கணினியில் ஆராய்ந்து, எங்கே பழுது உள்ளது என்று கண்டறிகிறார். ஊழியர்கள் உயரத்தில் தொங்க வேண்டிய தேவை குறைகிறது.

இவ்வளவு பயனுள்ள கருவி, ஒருநாள் பறக்க முடியாமல் தரையிலேயே நின்றுவிட்டால் என்ன ஆகும்? அது பழுதாகவில்லை. அதை இயக்கத் தெரிந்தவரும் இருக்கிறார். ஆனால் அதற்குத் தேவையான மின்கலம் மட்டும் கிடைக்கவில்லை. இப்படி ஒரு நிலை உண்மையிலேயே ஒரு நிறுவனத்துக்கு ஏற்பட்டது. அதன் கதையை அறியுமுன், ஆளில்லா வானூர்தி எவ்வாறு உருவாகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

வட்டாரத்தில் ஒரு சோதனைக்களம்

குவீன்ஸ்டவுன் பழைய அடுக்குமாடிகளுக்கு மட்டும் பெயர்பெற்றதன்று. ஒன்-நார்த் என்னும் ஆய்வு, தொழில்நுட்ப வட்டாரமும் இங்கேதான் இருக்கிறது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒரு பாகை வடக்கே இருப்பதால் அந்தப் பெயர் வந்தது. 2018ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் போக்குவரத்து அமைச்சும் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையமும் ஒன்-நார்த்தை நாட்டின் முதல் ஆளில்லா வானூர்திப் பேட்டையாக அறிவித்தன. உயர்ந்த கட்டடங்களுக்கும் மக்கள் நடமாட்டத்துக்கும் இடையே இத்தகைய வானூர்திகளைப் பாதுகாப்பாக இயக்குவது எப்படி என்று நிறுவனங்கள் அங்கே சோதித்துப் பார்க்க முடிந்தது. அதே மாதத்தில், அருகிலுள்ள சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் ஏர்பஸ் நிறுவனம் பொட்டலங்களைச் சுமந்து செல்லும் வானூர்தி ஒன்றைப் பறக்கவிட்டுக் காட்டியது.

விதிமுறைகளும் வளர்ந்தன. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் சாங்கி விமான நிலையத்தின் அருகே அனுமதியின்றிப் பறந்த ஆளில்லா வானூர்திகளால் பல விமானச் சேவைகள் தாமதமாயின. அதன் பிறகு, 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல், 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ஒவ்வோர் ஆளில்லா வானூர்தியும் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது கட்டாயமானது.

எங்கே பறக்கலாம், யார் இயக்கலாம் என்னும் கேள்விகளுக்கு ஒரு நாடு தானே விதி வகுத்து விடை காணலாம். ஆனால் வானூர்தியின் பாகங்கள் எங்கிருந்து வருகின்றன என்னும் கேள்விக்கு அந்த நாடு தனியாக விடை காண முடியாது.

பிரித்துப் பார்த்தால்

நான்கு விசிறிகள் கொண்ட ஒரு சாதாரண ஆளில்லா வானூர்தியைப் பிரித்தால் என்னென்ன இருக்கும்? உடற்சட்டம், நான்கு மோட்டார்கள், அவற்றின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றுகள், மூளையாகச் செயல்படும் கட்டுப்பாட்டுப் பலகை, படக்கருவி, வானொலித் தொடர்புக் கருவி, இருப்பிடத்தை அறியும் கருவி, மின்கலம் ஆகியவை இருக்கும். இவற்றோடு, எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கும் மென்பொருளும் உண்டு.

இவற்றுள் பெரும்பாலானவை ஒரே நாட்டில் உருவாகின்றன. சீனாவின் ஷென்ஜென் நகரில் 2006ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டிஜேஐ நிறுவனம், இன்று உலகச் சந்தையில் பாதிக்கும் மேற்பட்ட ஆளில்லா வானூர்திகளை விற்கிறது. அந்த வெற்றிக்குக் காரணம் உண்டு. மோட்டார், மின்கலம், மின்னணுப் பலகை, படக்கருவி என எல்லாவற்றையும் செய்யும் தொழிற்சாலைகள் ஷென்ஜெனிலும் அதைச் சுற்றியும் அருகருகே அமைந்துள்ளன. ஒரு பாகத்தில் மாற்றம் தேவைப்பட்டால் பொறியாளர் கடல் கடந்து காத்திருக்க வேண்டியதில்லை. பெருமளவில் உற்பத்தி செய்வதால் விலையும் குறைகிறது. தரமும் விலையும் ஒருங்கே அமைந்த பொருளை உலகம் வாங்கியதில் வியப்பில்லை.

ஆகவே, பல நாட்டு நிறுவனங்களும் வசதியான அந்த வழியையே தேர்ந்தெடுத்தன. கடல்வழி திறந்திருந்து, நாடுகளுக்கிடையே நல்லுறவும் நிலவும்வரை அந்த வழியில் குறை எதுவும் தெரியவில்லை.

அரசியல் காற்று மாறியபோது

சில ஆண்டுகளுக்குள் நிலைமை மாறியது. 2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்க அரசாங்கம் டிஜேஐ நிறுவனத்தை வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. 2022ஆம் ஆண்டு ரஷ்யாவுக்கும் உக்ரேனுக்கும் இடையே பெரும்போர் மூண்டது. தன் வானூர்திகள் போரில் பயன்படுவதைத் தான் விரும்பவில்லை என்று கூறி, டிஜேஐ அந்த ஆண்டு ஏப்ரலில் இரு நாடுகளிலும் தன் வணிகத்தை நிறுத்திவைத்தது. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் முதல், சிலவகை ஆளில்லா வானூர்திகளையும் அவற்றின் பாகங்களையும் ஏற்றுமதி செய்ய அனுமதி பெற வேண்டும் என்று சீன அரசாங்கம் விதித்தது.

ஒவ்வொரு நாடும் தன் பாதுகாப்பைக் காரணமாகக் காட்டியது. வாங்குபவரும் அஞ்சினார், விற்பவரும் அஞ்சினார். இடையில் சிக்கிக்கொண்டவர்கள், அரசியலோடு நேரடித் தொடர்பில்லாத பயனீட்டாளர்கள். வயலை அளக்கும் உழவரும், பாலத்தைச் சோதிக்கும் பொறியாளரும், தீயை அணைக்கும் வீரரும் அவர்களுள் அடங்குவர்.

ஒரு வானூர்திக்கு ஒரே மின்கலம்

இத்தகைய சிக்கலின் முழு உருவத்தையும் 2024ஆம் ஆண்டில் ஸ்கைடியோ என்னும் நிறுவனம் கண்டது. 2014ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்நிறுவனம் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இயங்குகிறது. தன் வானூர்திகளைத் தானே வடிவமைத்து, அமெரிக்காவிலேயே அவற்றைப் பொருத்தி விற்றது. சீன வானூர்திகளை வாங்க விரும்பாத காவல்துறையினரும் தீயணைப்புத் துறையினரும் இந்நிறுவனத்தை நாடினர். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு, அது பிறரைச் சார்ந்திராத நிறுவனமாகவே தோன்றியது.

2024ஆம் ஆண்டு அக்டோபரில் சீனா அந்நிறுவனத்தின்மீது தடை விதித்தது. தைவானுக்கு அது செய்த விற்பனையே காரணமாகக் கூறப்பட்டது. தைவானில் அந்நிறுவனத்திடம் வாங்கியது அங்குள்ள தேசியத் தீயணைப்புத் துறை. தடை வந்ததும் உண்மை வெளிப்பட்டது. வானூர்தியின் பாகங்களுக்குப் பல நாடுகளில் வழங்குநர்களைத் தேடிக்கொண்ட அந்நிறுவனம், மின்கலத்துக்குச் சீன வழங்குநரையே நம்பியிருந்தது. அந்த வழங்குநர் கைவிட்டதும் வேறு வழி உடனே அமையவில்லை.

புதிய வழங்குநரிடமிருந்து மின்கலங்கள் வந்துசேர 2025ஆம் ஆண்டின் இளவேனிற்காலம் ஆகும் என்று நிறுவனம் அறிவித்தது. அதுவரை ஒரு வானூர்திக்கு ஒரே மின்கலம்தான் தர முடியும் என்றும் அது வாடிக்கையாளர்களிடம் கூறியது.

ஒரு மின்கலம் இருந்தால் வானூர்தி பறக்கத்தானே செய்யும் என்று தோன்றலாம். ஆனால் இத்தகைய வானூர்தியின் மின்கலம் பொதுவாக அரைமணி நேர அளவிலேயே தீர்ந்துவிடும். வேலை செய்பவர்கள் பல மின்கலங்களை வைத்திருப்பார்கள். ஒன்று பறக்கும்போது மற்றொன்று மின்னேற்றம் பெறும். காட்டில் காணாமற்போன ஒருவரைத் தேடும் குழுவிடம் ஒரே மின்கலம் இருந்தால், வானூர்தி தரையிறங்கியதும் தேடலும் நின்றுவிடும். மின்னேற்றம் முடியும்வரை அந்தக் குழு காத்திருக்க வேண்டும்.

சென்னையில் கற்ற பாடம்

இந்தியா வேறொரு வழியை முயன்றது. 2021ஆம் ஆண்டு ஆளில்லா வானூர்திகளுக்கான விதிகளைத் தளர்த்தியது. உள்நாட்டு உற்பத்தியாளர்களுக்கு மூன்று ஆண்டுகளில் 120 கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கும் திட்டத்தையும் அறிவித்தது. 2022ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், முழுமையாகச் செய்யப்பட்ட வெளிநாட்டு வானூர்திகளை இறக்குமதி செய்யத் தடை விதித்தது. ஆய்வு, தற்காப்பு, பாதுகாப்புப் பணிகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. உதிரிபாகங்களைக் கொண்டுவர எந்தத் தடையும் இல்லை.

இதனால் பல புதிய நிறுவனங்கள் தோன்றின. சென்னைக்கு இத்துறையில் ஏற்கெனவே நல்ல அடித்தளம் இருந்தது. குரோம்பேட்டையில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்ஐடி வளாகத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் பல ஆண்டுகளாக ஆளில்லா வானூர்திகளை உருவாக்கி வந்தனர். அங்கு உருவான 'தக்‌ஷா' குழு, 2018ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் மருத்துவப் பணிக்கான வானூர்திகளுக்கு நடந்த அனைத்துலகப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. தமிழ்நாட்டு வயல்களில் மருந்து தெளிக்கும் வானூர்திகள் இன்று புதுமையல்ல.

ஆயினும், முழு வானூர்தியைத் தடுத்து உதிரிபாகங்களை அனுமதித்ததால் சார்பு முற்றிலும் நீங்கிவிடவில்லை. அது ஒரு படி கீழே இறங்கியது. உள்நாட்டில் பொருத்தப்பட்ட வானூர்திகள் பலவற்றின் உள்ளே வெளிநாட்டு மோட்டாரும் மின்னணுப் பலகையும் இருந்தன. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், சீனப் பாகங்கள் தொடர்பான கவலையால் 400 சரக்கு வானூர்திகளுக்கான ஒப்பந்தங்களை இந்தியத் தற்காப்பு அமைச்சு ரத்து செய்தது. இந்தியாவில் பொருத்தப்பட்டது என்னும் பெயர் மட்டும் போதவில்லை.

பாகங்களையும் உள்நாட்டிலேயே செய்துவிட்டால் சார்பு நீங்கிவிடுமா? மோட்டாரின் உள்ளே வலிமை மிக்க காந்தம் இருக்கிறது. நியோடிமியம் போன்ற அரிய மண் தனிமங்களால் அது செய்யப்படுகிறது. உலகில் உற்பத்தியாகும் இத்தகைய காந்தங்களுள் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு சீனாவிலிருந்து வருகிறது. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் ஏழு அரிய மண் தனிமங்களுக்குச் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது, கார் தொழிற்சாலைகள்கூடத் தடுமாறின. ஆகவே, சார்பு பொருளில் இருக்கலாம், பாகத்தில் இருக்கலாம், மூலப்பொருளிலும் இருக்கலாம். அது எந்த அடுக்கில் ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பார்ப்பதே முதல் வேலை.

சார்பைக் குறைக்கும் வழிகள்

முதலாவதாக, ஒரு நிறுவனம் தன் வானூர்தியில் உள்ள ஒவ்வொரு பாகத்தையும் பட்டியலிட வேண்டும். அதை விற்பவர் யார் என்பதோடு, அவர் மூலப்பொருளை எங்கே வாங்குகிறார் என்றும் அறிய வேண்டும். இரண்டு கடைகளில் மோட்டார் வாங்கினாலும், அந்த இரண்டு கடைகளும் ஒரே தொழிற்சாலையின் காந்தத்தை நம்பியிருந்தால் உண்மையில் வழி ஒன்றுதான்.

இரண்டாவதாக, முக்கியமான பாகங்களுக்கு இன்னொரு வழங்குநரைத் தேட வேண்டும். பெயரையும் தொலைபேசி எண்ணையும் குறித்து வைப்பது மட்டும் போதாது. அவரிடம் சிறிதளவாவது வாங்கி, வானூர்தியில் பொருத்திப் பறக்கவிட்டுச் சோதித்திருக்க வேண்டும். மின்கலத்தின் எடை சற்று மாறினாலும் வானூர்தியின் சமநிலை மாறும். நெருக்கடி வந்த பின் சோதனையைத் தொடங்கினால் மாதங்கள் கடந்துவிடும்.

மூன்றாவதாக, ஒரு நிறுவனத்தின் பாகத்துக்கு மட்டுமே பொருந்தும்படி வடிவமைக்காமல், பொதுவான அளவுகளையும் இணைப்புகளையும் பயன்படுத்தலாம். மென்பொருளிலும் இது இயலும். பிஎக்ஸ்4, ஆர்டுபைலட் போன்ற பறப்பு மென்பொருள்களின் நிரல் அனைவருக்கும் திறந்திருக்கிறது. எந்த நாட்டுப் பொறியாளரும் அதைப் படிக்கலாம். தம் தேவைக்கேற்ப மாற்றலாம். பலவகைக் கட்டுப்பாட்டுப் பலகைகளில் அது இயங்குவதால், ஒரு பலகை கிடைக்காதபோது இன்னொன்றுக்கு மாறுவது எளிதாகிறது.

நான்காவதாக, பாகங்களைச் சேமித்து வைக்கலாம். உடற்சட்டமும் விசிறியும் நெடுநாள் கெடாமல் இருக்கும். மின்கலமோ பயன்படுத்தாவிட்டாலும் மெல்லமெல்ல வலுவிழக்கும். அதனால் சேமிப்பு மட்டும் முழுத் தீர்வாகாது.

இந்த வழிகள் எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். ஒரு நிறுவனத்துக்கு 50 மின்கலங்கள் தேவை என்று வைத்துக்கொள்வோம். முதல் வழங்குநர் ஒன்றை 100 வெள்ளிக்குத் தருகிறார். இரண்டாமவர் 140 வெள்ளி கேட்கிறார். எல்லாவற்றையும் முதல்வரிடம் வாங்கினால் 5,000 வெள்ளி போதும். எல்லாவற்றையும் இரண்டாமவரிடம் வாங்கினால் 7,000 வெள்ளி ஆகும். முதல்வரிடம் 40, இரண்டாமவரிடம் 10 என்று பிரித்து வாங்கினால் 5,400 வெள்ளி ஆகும். கூடுதலாகச் செலவாகும் 400 வெள்ளி, நெருக்கடி வராத ஆண்டில் வீணாகத் தோன்றும். நெருக்கடி வரும் ஆண்டில் அதுவே நிறுவனத்தைக் காப்பாற்றும். ஏற்கெனவே பழகிய, சோதித்துப் பார்த்த ஒரு வழங்குநர் அப்போது கைவசம் இருப்பார்.

மேலாளர்கள் தடுமாறுவது இங்கேதான். போட்டி நிறுவனம் 5,000 வெள்ளிக்கே வேலையை முடித்துக் குறைந்த விலைக்கு விற்கும்போது, 5,400 வெள்ளி செலவிட்டவர் வாடிக்கையாளரை இழக்கக்கூடும். அதனால் வாங்குபவர்களும் இந்தப் பொறுப்பில் பங்கேற்க வேண்டியிருக்கிறது. மிகக் குறைந்த விலையை மட்டும் பார்க்காமல், தடங்கலின்றிப் பொருளைத் தர முடியுமா என்றும் அவர்கள் கேட்க வேண்டும்.

சிங்கப்பூருக்குப் பழகிய பாதை

சிங்கப்பூருக்கு இந்தச் சிந்தனை புதிதன்று. 2007ஆம் ஆண்டு இந்தோனேசியா மணல் ஏற்றுமதியைத் தடைசெய்தபோது கட்டுமானத் தளங்கள் பாதிக்கப்பட்டன. அரசாங்கம் சேமித்து வைத்திருந்த மணலை வெளியிட்டது. வேறு நாடுகளிலிருந்தும் மணல் வரவழைக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. அதற்கு முந்திய ஆண்டில் சிங்கப்பூர் இறக்குமதி செய்த கோழியில் ஏறத்தாழ 34 விழுக்காடு அங்கிருந்து வந்தது. கோழிச்சோற்றுக் கடைகள் கவலையில் ஆழ்ந்தன. ஆனால் பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து உறையவைத்த கோழி தொடர்ந்து வந்தது. அந்த ஜூன் மாதம் முடிவதற்குள் இந்தோனேசியாவிலிருந்து கோழி வாங்கவும் ஒப்புதல் அளிக்கப்பட்டது. தண்ணீருக்கும் மழைநீர்ச் சேகரிப்பு, இறக்குமதி, புதுநீர், கடல்நீரைக் குடிநீராக்குதல் என நான்கு வழிகளை நாடு உருவாக்கியுள்ளது.

இந்த அனுபவங்களில் ஓர் ஒற்றுமை உண்டு. எல்லாவற்றையும் தானே உற்பத்தி செய்துவிட முடியும் என்று சிங்கப்பூர் எண்ணியதில்லை. சிறிய நாட்டால் அது இயலாது. எந்த நாட்டையும் பகைத்து ஒதுக்கவும் இல்லை. மலேசியக் கோழி மீண்டும் வந்தபோது அதை மகிழ்ச்சியோடு வாங்கியது. பலரோடும் நட்பு பாராட்டி, ஒருவர் தர இயலாதபோது மற்றவரை நாடும் வழியைத் திறந்து வைத்திருந்தது.

ஆளில்லா வானூர்தித் துறைக்கும் இது பொருந்தும். ஒரு நாட்டின் பாகங்களை முற்றிலும் ஒதுக்கிவிட்டு, இன்னொரு நாட்டின் பாகங்களை மட்டுமே வாங்கத் தொடங்கினால் சார்பு குறையாது. ஆள் மட்டுமே மாறும்.

"வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்" என்பது பழமொழி. வெயில் காயும் நாளில் அணை கட்டுபவரைப் பார்த்து, இந்தச் செலவு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். மழை பெய்யும் நாளில்தான் அதற்கு விடை கிடைக்கும். ஒரு பழைய அடுக்குமாடியின் பத்தாவது மாடி உயரத்தில் விரிசலைத் தேடிப் பறக்கும் சிறிய வானூர்தி நாளையும் பறக்குமா என்பது, அதன் மின்கலத்தை எங்கே, எத்தனை பேரிடம் வாங்குவது என்று இன்று ஒருவர் எடுக்கும் முடிவைப் பொறுத்தது.

சொற்பொருள்

சார்பு – பிறரை நம்பியிருக்கும் நிலை
வழங்குநர் – தேவையான பொருளைத் தொடர்ந்து தருபவர்
உதிரிபாகம் – ஒரு கருவியில் பொருத்தப்படும் தனித்தனிப் பகுதி
மின்கலம் – மின்சக்தியைச் சேமித்துத் தரும் பொருள்
மின்னேற்றம் – மின்கலத்தில் மின்சக்தியை நிரப்புதல்
ஊக்கத்தொகை – ஒரு செயலை வளர்க்க அளிக்கப்படும் பணம்
நிரல் – கணினிக்குத் தரப்படும் கட்டளைகளின் தொகுப்பு

கருத்தறிதல்

1. கட்டடச் சோதனையில் ஆளில்லா வானூர்தியால் ஊழியர்களுக்கு விளைந்த நன்மை யாது?
2. உலக நிறுவனங்கள் ஷென்ஜெனில் உருவான பாகங்களை வாங்கியதற்கான இரண்டு காரணங்களை எழுதுக.
3. ஸ்கைடியோ நிறுவனம் ஒரு வானூர்திக்கு ஒரே மின்கலம் வழங்கியது ஏன்? அதனால் பயனீட்டாளர்களுக்கு ஏற்படக்கூடிய சிரமம் யாது?
4. "அது ஒரு படி கீழே இறங்கியது" என்னும் தொடரின் பொருளை இந்தியாவின் அனுபவத்தைக் கொண்டு விளக்குக.
5. மின்கலங்களைச் சேமித்து வைப்பது மட்டும் ஏன் முழுத் தீர்வாகாது?
6. 50 மின்கலங்கள் வாங்கும் நிறுவனத்தின் மேலாளராக நீங்கள் இருந்தால் எந்த முடிவை எடுப்பீர்கள்? செலவு, பாதுகாப்பு ஆகிய இரண்டையும் கருதிக் காரணம் கூறுக.
7. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ ஒரே இடத்திலிருந்து மட்டும் கிடைக்கும் பொருள் ஒன்றைக் குறிப்பிடுக. அது கிடைக்காமற்போனால் என்ன செய்யலாம் என்று குழுவில் கலந்துரையாடுக.